இடுப்பைப் பிடித்துக்கொண்டு யாரிடம் போவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன: வலிக்குப் பிசியோதெரபி நல்லதா, கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் சட்டென்று அழுத்தியும் திருப்பியும் செய்யும் சிகிச்சை) நல்லதா? கும்பகோணத்தில் 22 வருடமாகப் பிசியோதெரபி செய்துகொண்டிருக்கிறேன். ஆகவே நான் ஒரு பக்கத்து ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே பதில்களைப் படியுங்கள்.

எனக்கு 34 வயது. ஐ.டி. வேலை, தினமும் ஒன்பது மணி நேரம் நாற்காலிதான். மூன்று மாதமாக இடுப்பு வலி. காலுக்கு இறங்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கியிருப்பது) என்று வந்திருக்கிறது. எலும்பு டாக்டர் பிசியோ போகச் சொல்கிறார். நண்பர் ஒருவர் பெங்களூரில் கைரோபிராக்டரிடம் போனாராம். 'டொக் டொக்' என்று இரண்டு சத்தம், எழுந்து நடந்து வந்துவிட்டாராம். வீடியோக்களிலும் அப்படித்தான் தெரிகிறது. நான் எங்கே போவது?
— எஸ்.கே., கோயம்புத்தூர்

முதலில் அந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுங்கள். வலியைவிட அந்த 'பல்ஜ்' என்ற சொல் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். இடுப்பு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. முப்பது வயதுக்காரர்களில் 40 சதவீதம் பேருக்கும் ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் பல்ஜ் இருந்தது. அத்தனை பேரும் வலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். கால் மரத்துப்போகவில்லை, பாதத்தைத் தூக்குவதில் பலம் குறையவில்லை என்றால் அந்தப் படத்தை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து அந்த 'டொக்'. நெட்டி முறிக்காத வீடு நம் ஊரில் கிடையாது, ஆகவே உங்களுக்குப் பழகிய சத்தம்தான். மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குமிழி உண்டாகிறது. சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. எலும்பு விலகியிருந்து திரும்பத் தன் இடத்தில் உட்கார்ந்த சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு விரலில் நெட்டி முறித்துவிட்டு உடனே மறுபடி முறித்துப் பாருங்கள், வராது. இருபது நிமிடம் போல விட்டுப் பிடித்தால் வரும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை விரல் எலும்பு விலகுவதில்லை அல்லவா? முதுகிலும் அதே கதைதான்.

அப்படியென்றால் உங்கள் நண்பர் எழுந்து நடந்தது பொய்யா? பொய் இல்லை. அந்த வேகமான அசைப்பு, இறுகிப் பிடித்திருக்கும் தசையைத் தளர்த்தும், வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும், பயந்துபோய் அசையாமல் இருந்தவரை அசைய வைக்கும். நாங்களும் இதைக் கற்கிறோம். மூட்டைக் கையால் எவ்வளவு அசைப்பது என்று ஆஸ்திரேலியாவின் பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெயிட்லண்ட் வகுத்த படிநிலைகளைப் படித்துத்தான் நானும் பட்டம் வாங்கினேன். வேறுபாடு கைரோபிராக்டிக் தோன்றிய கதையில் இருக்கிறது. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரத்தில் டி.டி. பாமர் என்பவர், காது சரியாகக் கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தினார், கேட்கத் தொடங்கிவிட்டது என்றார். முதுகெலும்பு இடம் மாறுவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்ற கொள்கையை அங்கிருந்து வளர்த்தார். பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலே, அந்த 'இடம் மாறிய எலும்பு' நோய்க்குக் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்று 2010இல் அறிவித்துவிட்டது. படித்த, நிதானமான கைரோபிராக்டர்கள் பலரும் அதை விட்டுவிட்டு இடுப்பு, கழுத்து வலியை மட்டும் பார்க்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போனால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எது மேல் என்று நேருக்கு நேர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இடுப்பு வலிக்காரர்கள் 321 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பிசியோ உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக், மூன்றாவது பிரிவுக்கு வெறும் விளக்கப் புத்தகம். 1998இல் முடிவு வந்தது. முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன, புத்தகத்தைவிடக் கொஞ்சமே மேல். இதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சிகிச்சை மட்டும் போதாது என்பதை அதற்கு முன்பே என் வீட்டில் பார்த்திருந்தேன்.

என் அப்பா அரசு பஸ் டிரைவர். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ராத்திரி வண்டி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பக்கத்துக் கிராமத்தில் சுளுக்கு எடுக்கும் ஒரு பெரியவரிடம் போவார். பாயில் குப்புறப் படுக்கவைத்து, விளக்கெண்ணெய் தடவி, முழங்காலை இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தோளைத் திருப்பினால் 'டொக்'. வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி தூங்குவார். மூன்று நாள் நன்றாக இருப்பார். நாலாம் நாள் கை தானாக இடுப்புக்குப் போகும். எட்டு வருடம் இப்படி ஓடியது. நான் பிசியோ இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு ராத்திரி அவர் ஓட்டிய வண்டியிலேயே, அவருக்குப் பின்சீட்டில் சென்னைக்குப் போனேன். சீட்டில் ஸ்பாஞ்ச் அமுங்கிக் குழியாகியிருந்தது. கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் இடது இடுப்பு சீட்டை விட்டு எழும்பி, முதுகு முறுகித் திரும்ப உட்கார்ந்தது. விக்கிரவாண்டி வருவதற்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா இரண்டு பழைய நூல் சேலைகளை மடித்துத் தைத்துக் குழிக்கு அளவாக ஒரு மெத்தை செய்து கொடுத்தார். டீக்கு நிறுத்தும் இடத்தில் அப்பா வண்டியைச் சுற்றி நாலு சுற்று நடக்க ஆரம்பித்தார். காலையில் பதினைந்து நிமிடம் நான் சொல்லிக்கொடுத்த பயிற்சி. மூன்று மாதத்தில் கிராமத்துக்குப் போவது நின்றது. அந்தப் பெரியவரின் கையில் வித்தை இருந்தது. ஆனால் அவர் அந்த சீட்டைப் பார்த்ததே இல்லை.

உங்கள் விஷயத்தில் ஒன்பது மணி நேர நாற்காலிதான் அந்த சீட். ஆகவே முதலில் பிசியோவிடம் போங்கள் என்கிறேன். உங்களை நிற்கவைத்து, குனியவைத்து, எதைச் செய்தால் வலிக்கிறது, எதைச் செய்தால் குறைகிறது என்று பார்த்து, வீட்டில் செய்ய மூன்று நாலு பயிற்சி கொடுப்பவரைத் தேடுங்கள். ஆறு வாரம் விடாமல் செய்யுங்கள். அதோடு கூட, அசைவதற்குத் தைரியம் வர ஒன்றிரண்டு தடவை கையால் அசைத்துவிடுவதும் உதவும். பயிற்சியை விட்டுவிட்டு அது மட்டும் போதாது.

இன்னொன்று. நம் நாட்டில் 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தில் பிசியோதெரபி இருக்கிறது. கைரோபிராக்டிக் அந்தப் பட்டியலில் இல்லை, அதற்கென்று பதிவுக் கவுன்சிலும் இங்கே கிடையாது. வெளிநாட்டில் நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவரும், ஒரு வாரக் கடைசியில் பயிற்சி முகாமுக்குப் போய் வந்தவரும் ஒரே பெயரில் போர்டு வைக்க முடியும். எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

நான் கனடா, ஸ்காபரோவில் இருக்கிறேன். பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. முதுகு நோ. வேலைத்தலக் காப்புறுதியில் பிசியோவுக்கும் கைரோவுக்கும் தனித்தனியாகப் பணம் உண்டு. கைரோ சிகிச்சை நிலையத்தில் முழு முதுகுக்கும் எக்ஸ்ரே எடுத்து, கிழமைக்கு மூன்று தரம் வீதம் 36 தரம் வரவேண்டும், முற்பணம் கட்டினால் கழிவு தருவோம் என்கிறார்கள். சேரலாமா?
— த.ர., ஸ்காபரோ

'நோ' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்துப் பாட்டிகள் வாயில் 'நோவு' என்று கேட்ட சொல், கண்ணில் பட்டதும் மனசுக்கு இதமாக இருந்தது.

உங்கள் ஊர் நிலைமை வேறு. ஒன்டாரியோவில் கைரோபிராக்டர்கள் சட்டப்படி பதிவு பெற்றவர்கள். டொரண்டோவில் இருக்கும் அவர்களது கல்லூரியில், பல்கலைக்கழகத்தில் சில வருடம் படித்துவிட்டு வந்து மேற்கொண்டு நாலு வருடம் படிக்க வேண்டும். அந்த மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீடு 2004இல் கைரோவுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதனால்தான் உங்கள் கம்பெனிக் காப்புறுதியில் அதற்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆகவே படிப்பைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம்.

36 தரம் என்பதைப் பற்றித்தான் கவலைப்படுங்கள். முதல் நாளே அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஐந்தாறு தடவை பார்த்துவிட்டு, குனிவது எளிதாகிறதா, தூக்கம் வருகிறதா, பெட்டி தூக்க முடிகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். முன்னேற்றம் இல்லையென்றால் முறையை மாற்ற வேண்டும், அல்லது டாக்டரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். முன்பணம் வாங்கிய இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும் மனசு இரண்டு பக்கமும் போய்விடும். விழவில்லை, காய்ச்சல் இல்லை, புற்றுநோய் வந்ததில்லை, காரணமில்லாமல் எடை குறையவில்லை என்றால் முழு முதுகு எக்ஸ்ரேயும் தேவையில்லை.

அந்த நிலையத்திலேயே 'ஆறு தரம் மட்டும் வருகிறேன், ஒவ்வொரு தரமும் பணம் கட்டுகிறேன், பெட்டி தூக்குவதற்குப் பயிற்சி சொல்லித் தருவீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் போகலாம். இல்லையென்றால் காப்புறுதியில் பிசியோவுக்கு இருக்கும் பணத்தைப் பயன்படுத்துங்கள்.

எனக்கு 62 வயது. முடக்குவாதத்துக்குப் பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன், நடுவில் ஸ்டீராய்டும் சாப்பிட்டேன். கழுத்து வலி, சில சமயம் தலைசுற்றல். மகன் வீடியோ பார்த்துவிட்டு, கழுத்தைத் திருப்பி எடுப்பவரிடம் அழைத்துப் போகிறேன் என்கிறான். போகலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

வேண்டாம் அம்மா. இந்தக் கடிதத்தை மகனிடமே காட்டுங்கள்.

முடக்குவாதம் விரலை மட்டும் பிடிப்பதில்லை. கழுத்தின் உச்சியில் இருக்கும் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நார்களையும் தளர்த்திவிடும். அந்த இடத்தில் தண்டுவடம் ஓடுகிறது. ஸ்டீராய்டு எலும்பின் கெட்டித்தன்மையைக் குறைத்திருக்கும். இந்தக் கழுத்தை வேகமாகத் திருப்புவதற்கு, பிசியோ, கைரோபிராக்டர், வைத்தியர் என்று யாருக்குமே அனுமதி கொடுக்காதீர்கள். உங்கள் மூட்டு டாக்டரிடம் கழுத்து வலியையும் தலைசுற்றலையும் சொல்லி, தேவைப்பட்டால் கழுத்துக்குப் படம் எடுத்த பிறகு, மெதுவான பயிற்சிகளை ஆரம்பிக்கலாம்.

இதை மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். கழுத்தெலும்புக்குள் துளை வழியாக மூளைக்கு இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது, அபூர்வமாக, அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. சிலருக்கு அந்தக் கிழிசல் ஏற்கனவே இருந்து, கழுத்து வலியாகத்தான் தொடங்கியிருக்கும். அந்த வலிக்காக வந்து படுப்பவரின் கழுத்தை நாம் தெரியாமல் திருப்பிவிடுவோம். இதுவரை இல்லாத மாதிரி திடீரென்று கடுமையான கழுத்து வலி, கூடவே தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, முகம் மரப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுத்துவிடுகிறார். சுகமாக இருக்கிறது. பழக்கமாகிவிட்டது. தப்பா?
— எம்.ஏ., மதுரை

தலையில் எண்ணெய் வைத்துத் தட்டட்டும், தோளைப் பிடித்துவிடட்டும். கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். காரணம் மேலே உள்ள பதிலில் இருக்கிறது.

பிசியோவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள். நான் பத்து நாள் போனேன். ஒரு பெண் வந்து இடுப்பில் கரண்ட் வைத்துவிட்டுப் போவார், இருபது நிமிடம் கழித்து மணி அடிக்கும், எழுந்து வருவேன். கடைசி இரண்டு நாள் இழுவை, அதாவது இடுப்பில் பட்டை கட்டி இழுப்பது. பைசா பிரயோஜனம் இல்லை. இதற்கு அந்த 'டொக்' மேல் இல்லையா?
— ஆர்.வி., சேலம்

உங்கள் கோபம் நியாயமானது. எங்கள் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், உங்களுக்கு நடந்தது சிகிச்சையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டி வெளியிட்டது. கரண்ட், அல்ட்ராசவுண்ட், இழுவை, இடுப்பு பெல்ட் ஆகியவை வேண்டாம் என்ற பக்கத்தில் இருக்கின்றன. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மசாஜ், கையால் முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சை ஆகியவை கொடுக்கலாம் என்ற பக்கத்தில் இருக்கின்றன. அதாவது, நீங்கள் கேலியாகக் கேட்ட அந்த 'டொக்', உங்களுக்கு வைத்த கரண்ட்டைவிட நல்ல பட்டியலில்தான் இருக்கிறது. மெஷினில் இணைத்துவிட்டால் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டுப் பேரைப் பார்க்கலாம். எட்டுப் பேரைக் குனியச்சொல்லி, நடக்கச்சொல்லிப் பார்ப்பதற்கு நேரம் வேண்டும். நேரம்தான் கொடுக்கப்படுவதில்லை. இது மாற வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நல்ல பிசியோ எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சம்பவம். 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் இடுப்பிலிருந்து காலுக்கு வலி இறங்கிய ஒருவர் வந்தார். உள்ளே போய்க் கட்டிலில் குப்புறப் படுங்கள் என்றார் இவர். தலைமாடு மேலே தூக்கியிருந்ததைக் கவனிக்காமல் அவர் அப்படியே படுத்துவிட்டார், முதுகு பின்னால் வளைந்தபடி. சில நிமிடம் கழித்து வந்த மெக்கென்சி பதறிப்போனார். அன்று அப்படி வளைப்பது ஆபத்து என்றே நினைத்திருந்தார்கள். படுத்திருந்தவரோ, கால் வலி போய்விட்டது என்றார். அன்றிலிருந்து மெக்கென்சி ஒவ்வொரு நோயாளியையும் முன்னால் வளைத்து, பின்னால் வளைத்து, எந்தப் பக்கம் போனால் கால் வலி மேலே ஏறி இடுப்போடு நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க நாங்கள் அதைச் செய்கிறோம்.

இனி எந்த பிசியோவிடம் போனாலும் முதல் நாள் உங்களை அசையச் சொல்கிறாரா என்று பாருங்கள். பேச்சுகூடக் கேட்காமல் கட்டிலைக் காட்டினால் வேறு இடம் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: இடுப்பு வலியோடு தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றே ஆஸ்பத்திரி. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி தூங்கவிடாத வலி என்றால் டாக்டரிடம் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம்; முதுகெலும்பில் காசநோய் நம் ஊரில் அபூர்வம் கிடையாது.

16 வயது மகன் கபடி ஆடுகிறான். நேற்று கணுக்கால் மடங்கி வீங்கிவிட்டது. என் அம்மா சுளுக்கு வழிக்க அழைத்துப் போகச் சொல்கிறார். பிசியோவா, சுளுக்கு எடுப்பவரா?
— கே.எம்., புதுக்கோட்டை

இன்றைக்கு இரண்டு பேரும் வேண்டாம், முதலில் எலும்பு முறியவில்லை என்று தெரிய வேண்டும். 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் டாக்டர்கள் வகுத்த எளிய சோதனை இருக்கிறது. கணுக்காலின் இரண்டு பக்கமும் உருண்டையாக நிற்கும் எலும்பின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளிப்பக்கம் நடுவில் மேடாக இருக்கும் எலும்பையும், உள்பக்கம் வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். எங்காவது எலும்பிலேயே சுருக்கென்று வலித்தால், அல்லது நொண்டியாவது நாலு அடி வைக்க முடியவில்லை என்றால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உங்கள் பையனுக்கு எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆகவே சந்தேகம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

முறிவு இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்தல். இந்த நாட்களில் அழுத்தி வழித்தால் கிழிந்த நார் இன்னும் கிழியும், வீக்கம் கூடும் என்று பாட்டியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். ஆசைக்கு, ஒரு வாரம் கழித்து மேலோட்டமாக எண்ணெய் தடவிவிடட்டும். நாலாம் நாளிலிருந்து பாதத்தால் காற்றில் அ, ஆ எழுதச் சொல்லுங்கள். வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றி நடக்கலாம். அப்புறம் பிசியோவிடம் போய் சமநிலைப் பயிற்சி கட்டாயம் வாங்குங்கள். ஒருமுறை மடங்கிய கணுக்கால் திரும்பத் திரும்ப மடங்குவது பெரும்பாலும் அந்தப் பயிற்சியைச் செய்யாததால்தான்.

மேட்சுக்கு எப்போது என்று கேட்பான். கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் அரை நிமிடம் ஆடாமல் நிற்கட்டும். பிறகு அதே காலில் நொண்டியடித்துக் கோட்டின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பத்து முறை தாண்டட்டும். வலி இல்லாமல் செய்தால் ரெய்டுக்கு அனுப்பலாம்.